ஒரு வாளி ஏசித் தண்ணீர்

“சோலார் பேனலுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, ஏசிக்கும் 28 போய் 18. இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாமா சார்?” என்று அலுவலக நண்பர் கேட்டார்.

திருவான்மியூரில் எங்கள் மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பேனல்கள், கீழே ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. மூன்று கோடை பார்த்தாகிவிட்டது. பகலில் மிஞ்சும் மின்சாரம் மின்வாரியத்துக்குப் போகிறது, இரவில் அந்தக் கணக்கில் ஏசி ஓடுகிறது. இதெல்லாம் நண்பருக்கும் தெரியும். தெரியாதது உப்பு.

பேனலின் திறனை 25 டிகிரியில் வைத்து அளக்கிறார்கள். கத்திரி வெயிலில் சென்னை எப்போது 25 டிகிரியைக் கண்டது? நண்பகலில் பேனல் 60 டிகிரியைத் தொடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். சரி, குளிர்விப்போம் என்று முதல் கோடையில் ஹோஸ் வைத்து போர் தண்ணீரை அடித்தேன். கைப்பேசியில் உற்பத்தி எண் உடனே ஏறியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். தினமும் இதே வேலை. இரண்டே வாரத்தில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். தண்ணீர் வழிவதற்குள் ஆவியாகி உப்பை மட்டும் விட்டுப்போயிருந்தது. நாளுக்கு 13 யூனிட் வந்த இடத்தில் 10. சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல்கூட விடலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

பொருத்திய நிறுவனத்தைக் கேட்டால், “மழை பெய்தால் போய்விடும் சார்.” மே மாதத்தில், சென்னையில்! அக்டோபரில் மழையும் வந்தது. தூசு போயிற்று, உப்பு அசையவில்லை. கடைசியில் ஆள் வைத்துத் தேய்க்க 1,800 ரூபாய்.

வழி காட்டியது ஏசிதான். அதன் குழாயில் சொட்டுவது காற்றிலிருந்த ஈரம், உப்பு கிடையாது. நம் கடலோரப் புழுக்கத்துக்கு ஓர் இரவில் ஒரு வாளி நிறைந்துவிடுகிறது. விடிகாலையில், பேனல் சூடேறும் முன், மெல்லிய துணியை அதில் நனைத்துத் துடைக்கிறேன். ஆறு பேனலுக்கு அது போதும். கறை திரும்பவே இல்லை. பேனல்களின் நிழலில் கீழ் அறையின் கூரையும் முன்போல் கொதிப்பதில்லை. இதை விற்றவர்கள் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அதற்கும் விலை போட்டிருப்பார்கள்.

மின்கட்டணம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் நண்பரிடம் “வேண்டாம், விடுங்கள்” என்றுதான் சொன்னேன். அன்று காலை காகங்கள் நான்கு பேனல்களை நாசமாக்கியிருந்தன. துடைக்கலாம் என்று போனால், வாளித் தண்ணீரை என் மனைவி ரோஜாச் செடிகளுக்கு ஊற்றிவிட்டிருந்தார். நண்பர் வேறு ஒரு நாள் கேட்டிருக்கலாம்.