மூன்றே பொருள், அதில் ஒன்றோடு மட்டும் ஓயாத சண்டை

நண்பன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "நீ மூஞ்சிக்கு மூணே மூணுதான் போடுறியாமே, அது போதுமாடா?" போதும் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அந்த மூன்றில் ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத எழுத நீண்டுவிட்டது. இதே கேள்வி உள்ள மற்றவர்களும் படிக்கட்டும்.

முதலில் என் தோலின் ஜாதகம். நெற்றியும் மூக்கும் மதியத்துக்குள் பிசுபிசுக்கும், கன்னம் காயும். மாநிறம். பரு வந்தால் சில நாளில் போய்விடும், அதன் தடம் மட்டும் மாசக்கணக்கில் நிற்கும். தாடி உண்டு, மூக்குக் கண்ணாடி உண்டு. இந்த இரண்டையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இரண்டு வருஷத்துக்கு மேலாக முகம் கழுவ ஒரு கிளென்சர், ஈரம் காக்க ஒரு மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு ஒரு சன்ஸ்கிரீன் மட்டும்தான். அதற்கு முன்னால் டோனர், எசென்ஸ், மூன்று வகை சீரம் என்று அலமாரி நிறைய வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தீர்ந்தது, திரும்ப வாங்கவில்லை. பெரிய கொள்கை முடிவெல்லாம் இல்லை, சோம்பல்தான்.

கிளென்சரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே அதற்கு நான் தரும் பாராட்டு. மணம் சேர்க்காத, நுரை குறைவாக வரும் ஜெல். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் என்ற அமில-கார அளவில் (7 நடுநிலை) 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்புக் கட்டி 9, 10 என்று காரப் பக்கம் போய்விடும். சோப்பு போட்டுக் கழுவியதும் கன்னத்தை யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல ஒரு இறுக்கம் வருமே, தோலில் இருக்க வேண்டிய கொழுப்பும் சேர்ந்து போனதால் வருவது அது. இந்த ஜெல்லில் அந்த இறுக்கம் இல்லை. காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் இது. இரவில் முகத்தை நனைக்காமலே பூசி, தலைமுடி ஓரத்திலும் தாடி ஓரத்திலும் கொஞ்ச நேரம் தேய்த்து, அப்புறம் தண்ணீர் ஊற்றினால் சன்ஸ்கிரீன் ஒழுங்காகப் போகிறது. இந்த ஒன்றைத் தவிர அதற்குத் தனி வித்தை எதுவும் வேண்டாம்.

மாய்ஸ்சரைசர்தான் எதிர்பாராத சந்தோஷம். வாங்கும்போது அதன் மேல் எனக்கு மரியாதையே கிடையாது. வெள்ளை நிறம், வாசனை இல்லை, டப்பாவில் பூவோ இலையோ இல்லை. பொருள்பட்டியலில் தண்ணீருக்கு அடுத்து கிளிசரின், கொஞ்சம் தள்ளி செராமைடு, பெட்ரோலேட்டம் (வாஸ்லினில் இருப்பதுதான்). கிளிசரின் தண்ணீரை ஈர்த்து வைக்கும், பெட்ரோலேட்டம் அது ஆவியாகாமல் மூடி வைக்கும், செராமைடு தோலின் மேலடுக்கில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பு வகை. பல வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த சரக்கு, புதுசாக ஒன்றும் இல்லை.

இதைப் போட ஆரம்பித்த சில வாரத்தில் கழுத்தில் ஷேவ் செய்யும் இடத்தில் வரும் சிவப்புப் பொரிப்பொரி அடங்கிவிட்டது. அதற்காக நான் இதை வாங்கவே இல்லை. ஷேவ் முடித்து, முகத்தையும் கழுத்தையும் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காயும் முன் பட்டாணி அளவு எடுத்துத் தடவுவேன். அவ்வளவுதான். எரிச்சல் இல்லை, காலர் உரசினால் அரிப்பு இல்லை. ஆஃப்டர்ஷேவ் பாட்டில் ஒன்று பாதியோடு கிடக்கிறது, அதைத் திறந்து பார்த்தே நாளாகிவிட்டது. முழங்கை, குதிகால், விரல் கணு எல்லாவற்றுக்கும் இதுவேதான். ஒரே குறை, பம்ப். பாட்டிலில் கணிசமாக மிச்சம் இருக்கும்போதே காற்றை மட்டும் துப்பும். தலைகீழாக நிறுத்தி வைத்து, தட்டி, கடைசியில் மூடியைக் கழற்றிக் கரண்டிக் காம்பை விட்டு வழிக்க வேண்டியிருக்கிறது. இது டியூபில் வந்தால் கத்தரிக்கோலால் வெட்டியாவது எடுத்துவிடலாம்.

சரி, இனி சன்ஸ்கிரீன்.

நியாயமாகப் பேச முயல்கிறேன். எஸ்பிஎஃப் 50 (தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் புறஊதா பி கதிரை முக்கியமாகக் கணக்கில் கொள்ளும் பாதுகாப்பு எண்), தோலில் இன்னும் ஆழமாக இறங்கும் புறஊதா ஏ கதிருக்கும் நல்ல பாதுகாப்பு, கருந்தோலில் சாம்பல் பூசினது போல வெள்ளைத் தடம் விடாது. கன்னத்தில் இருந்த பழைய பருத் தடங்கள் மங்கியதற்கு இந்த மூன்றில் எது காரணம் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். தடம் மறைய மறைய வெயில் அதை மறுபடி கறுக்க வைக்கும், அந்த வேலையைத் தடுத்தால்தான் தோல் தன் போக்கில் சரியாகும். வீட்டுக்குள் இருந்தாலும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு இது தேவை. சாதாரணக் கண்ணாடி புறஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ கதிரைக் கணிசமாக உள்ளே விடும். இந்த மூன்றில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். தினமும் காலையில் என் வாயில் திட்டு வாங்குவதும் இதுதான்.

முதலில் அளவு. எஸ்பிஎஃப் எண்ணை ஆய்வகத்தில் சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. பெரும்பாலானவர்கள் பூசுவது அதில் கால் பங்கு முதல் பாதி வரைதான். சரியான அளவு வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒவ்வொரு கோடு, முகத்துக்கும் கழுத்துக்கும். எழுதும்போது எளிது. அந்த இரண்டு கோட்டையும் தாடி உள்ள முகத்தில் இடம் கண்டுபிடித்துப் பூசிப் பாருங்கள். 50 கிராம் டியூப் ஒரு மாசத்தைத் தாண்டுவதே பெரிய விஷயம். டியூபின் பின்னால் திறந்த டப்பா படம் போட்டு '12 எம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள், திறந்த பின் 12 மாசம் பயன்படுத்தலாமாம். ஒழுங்காகப் பூசுகிற யாரிடம் அது அத்தனை மாசம் இருக்கப்போகிறது?

அடுத்தது உருளல். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாய்ஸ்சரைசர் போட்டு, மேலே இதைத் தடவினால், ரப்பரால் அழித்த துகள் மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டு வரும். கன்னத்தில் வந்தால் தட்டிவிடலாம். தாடிக்குள் வந்தால் போச்சு. ஒவ்வொரு முடிக்கும் அடியில் ஒரு துகள் உட்கார்ந்துகொள்ளும், சீப்பு போட்டால் மேல் சட்டையில் கொட்டும். கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு என் தாடையைப் பார்ப்பார், சொல்லமாட்டார்.

ஏன் வருகிறது என்று பார்த்தால், மாய்ஸ்சரைசரைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருட்களும் சன்ஸ்கிரீனில் படலம் உண்டாக்கச் சேர்க்கும் சிலிகான் போன்றவையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தேய்ப்பில் திரண்டு வருவதுதான் பொதுவான காரணம். சொல்லப்படும் வைத்தியம் எல்லாம் செய்தாயிற்று. பத்து நிமிடம் இடைவெளி விடுவது, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பூசுவது, இரண்டு கோட்டையும் ஒரே தடவையில் போடாமல் ஒவ்வொன்றாகப் போடுவது. கொஞ்சம் குறைந்தது. உண்மையில் வேலை செய்தது ஒன்றுதான்: காலையில் மாய்ஸ்சரைசரையே விட்டுவிடுவது. சன்ஸ்கிரீனும் ஒரு கிரீம்தான், அதிலேயே ஈரம் காக்கும் பொருட்கள் இருக்கின்றன, என் மாதிரி தோலுக்குப் பகலில் அது போதும். ஷேவ் செய்யும் நாளில் கழுத்துக்கு மட்டும் மாய்ஸ்சரைசர். ஆக, காலையில் தண்ணீர், சன்ஸ்கிரீன். குறைத்ததில் இன்னும் குறைந்தது, அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். தாடி ஓரத்தில் மட்டும் இன்னும் உருள்கிறது.

கண் எரிச்சல் தனிக் கதை. வியர்த்ததும் நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் இறங்கும். சன்ஸ்கிரீனில் புறஊதாக் கதிரை உறிஞ்சச் சேர்க்கும் அவோபென்சோன் போன்ற கரிம வடிப்பான்கள் கண்ணில் பட்டால் எரியும், அது இந்த டியூபுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. தீர்வு என்ன தெரியுமா? புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு சேர்ந்த, குச்சி வடிவ சன்ஸ்கிரீன் ஒன்றைத் தனியாகத் தேய்த்துக்கொள்வது. அது நகராது, எரியாது, லேசாக வெளுப்புக் காட்டும். அதாவது மூன்று பொருள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவனிடம் இப்போது மூன்றரை இருக்கிறது. ஒரு பொருளுக்கு எடுபிடியாக இன்னொரு பொருள் வாங்க வைத்ததுதான் எனக்கு ஆத்திரம்.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்கில் கண்ணாடி உட்காரும் இரண்டு இடத்திலும் சன்ஸ்கிரீன் அரை மணியில் காணாமல் போகும், கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கும். பூசிய பின் நன்றாகக் காயவிட்டுப் போட்டால் வழுக்கல் குறையும், அழிவது அழியும்தான்.

இன்னொன்று, சட்டைக் காலர். வெள்ளைச் சட்டையின் காலர் உள்பக்கம் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்து ஒரு கறை வரும். வியர்வைக் கறை என்று நினைத்துப் பலரும் பிளீச் போடுவார்கள், அது இன்னும் அடர்ந்து உட்காரும். துவைக்கும் தண்ணீரில் இரும்பு இருந்தால் அவோபென்சோன் அதோடு சேர்ந்து துரு நிறம் தரும், அதுதான் இது. துருக்கறைக்கு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் சேர்ந்த கறைநீக்கிதான் கேட்கும். இதை டியூபில் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

இத்தனைக்கும் நடுவில் ஃபார்முலாவை வேறு மாற்றினார்கள். அதே டியூப், அதே நிறம், மூலையில் 'மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு சின்ன வட்டம். பழைய டியூபையும் புதியதையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். கிளிசரின் நாலாவது இடத்திலிருந்து கீழே இறங்கியிருந்தது, கடைசிக்குப் பக்கத்தில் பர்ஃப்யூம் என்று புதிதாக ஒரு சொல். அளவு அதிகமானது முன்னால், குறைவானது பின்னால் என்பதுதான் பட்டியலின் வரிசை, ஒரு சதவீதத்துக்கும் கீழே போனால் வரிசை அவர்கள் இஷ்டம். ஆக ஈரம் குறைந்தது, மணம் வந்தது. மேம்பட்டது யாருக்கு என்று தெரியவில்லை.

இங்கேதான் குறைவாக வைத்திருப்பதன் அருமை தெரிந்தது. புதிய டியூபைத் திறந்த பிறகு மூக்கோரம் சிவந்து அரித்தது. எட்டு பொருள் போடுகிற காலமாக இருந்தால் எதைச் சந்தேகிப்பது? இப்போது மூன்றுதான், மற்ற இரண்டும் மாறவில்லை. சன்ஸ்கிரீனை நிறுத்தித் தொப்பி போட்டுக்கொண்டு அலைந்தேன், அடங்கியது. அப்புறம் முழங்கையின் உள்பக்கம் ஒரு வாரம் தினமும் கொஞ்சம் தடவிப் பார்த்தேன், அங்கே ஒன்றும் ஆகவில்லை. திரும்ப முகத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது வெளியே சிவப்பில்லை, உள்ளே கோபம் மட்டும் இருக்கிறது.

சீரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட பிரச்சினை இருந்தால் அதற்கு ஒன்று சேருங்கள், பிரச்சினை இல்லாமல் சேர்க்காதீர்கள். நான்காவதாக ஒன்றுக்கு இடம் உண்டென்றால் அது இரவில் போடும் ரெட்டினாய்டு, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. பருவுக்கும் சுருக்கத்துக்கும் நிறைய சான்று உள்ளது அதற்குத்தான். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அதைத் தொடக்கூடாது, மற்றவர்களும் தோல் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. எதைச் சேர்த்தாலும் ஒரு மாசமாவது பொறுங்கள், மேல்தோல் தன்னைப் புதுப்பிக்கவே ஏறத்தாழ 28 நாள் எடுக்கும், வயது ஏற ஏற இன்னும் கூடும். மச்சம் போல ஒன்று நிறமோ வடிவமோ மாறினால் கிரீம் தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியில் தீர்ப்பு. கிளென்சர், தீர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். மாய்ஸ்சரைசர், யார் கேட்டாலும் சொல்வேன், பம்பை மட்டும் மாற்றட்டும். சன்ஸ்கிரீன், தாடி வைத்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எனக்கு இரண்டு டியூப் நேற்றுத்தான் ஆர்டர் போட்டிருக்கிறேன், முயன்று பார்த்த மற்றவை இதைவிட மோசம்.