குண்டு பல்பும் எல்இடியும்: மின்தடை எதில் எப்படி?

60 வாட் குண்டு பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரில் அளந்தால் 60, 70 ஓம்தான் காட்டும். 230 வோல்ட்டில் எரியும்போதோ கிட்டத்தட்ட 880 ஓம். டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற மின்தடையும் ஏறி, மின்னோட்டத்தைக் கால் ஆம்பியர் அளவில் நிறுத்திவிடுகிறது. சுவிட்ச் போட்ட கணத்தில்தான் பல்பு பெரும்பாலும் பியூஸ் போகும், கவனித்திருப்பீர்கள். குளிர்ந்த இழையில் முதலில் பாய்வது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

எல்இடி நேர் எதிர். சிவப்பு எல்இடியில் 1.5 வோல்ட் வரை மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது. 2 வோல்ட்டை நெருங்கியதும் சட்டென்று எகிறும். சூடானால் இன்னும் கூடும். தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாத சாமான். சரி, 5 வோல்ட்டில் எப்படி இணைப்பது? தொடராக ஒரு 150 ஓம் ரெசிஸ்டர் (மின்தடையம்) போட்டால், எல்இடிக்கு 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட் அதில் விழும்; 3 ÷ 150, அதாவது 20 மில்லி ஆம்பியரில் நிற்கும். இந்த ஓம் விதிக் கணக்கு (வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்) அந்த ரெசிஸ்டருக்குத்தான், எல்இடிக்கு அல்ல.