கண்ணாடிப் பவரை யாரிடம் பார்ப்பது?

கண் மருத்துவமனைக்குப் போனால் டாக்டர் அறைக்குள் நுழையும் முன்பே நம் கண்ணை ஒருவர் பார்த்துவிடுகிறார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பவர். பெரும்பாலோர் அவர் பெயரைக்கூடக் கேட்பதில்லை. ஆனால் புதுக் கண்ணாடி போட்டதும் தலை வலிக்குமா, பிள்ளையின் சோம்பேறிக் கண் (பார்வை சரியாக வளராமல் பின்தங்கிய கண்) காலத்தோடு பிடிபடுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. டாக்டரைத் தேர்ந்தெடுக்க நாலு பேரிடம் விசாரிக்கும் நாம், இவரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த இடத்துக்கு வருகிறவர்கள் மூன்று வழிகளில் வருகிறார்கள்.

முதல் வழி பட்டப்படிப்பு. சென்னை சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985இல் தொடங்கியது. ஆப்டோமெட்ரி என்பது பார்வைப் பரிசோதனைப் படிப்பு, படித்தவர் ஆப்டோமெட்ரிஸ்ட். இப்போது பல கல்லூரிகளில் பி.ஆப்டம் என்ற அதன் பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்பது பழகிய அமைப்பு. ஒளியியல், கண்ணின் உடற்கூறு, கண் நோய்கள், இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முறை, கான்டாக்ட் லென்ஸ் எல்லாம் பாடம். விருப்பமுள்ளவர்கள் முதுநிலை, ஃபெலோஷிப், முனைவர் பட்டம் வரை போகிறார்கள். இவர்களுடைய பலம், சரியான லென்ஸ் போட்டும் பார்வை 6/6, அதாவது இயல்பான தெளிவு, வராதபோது தெரியும். அந்த இடத்தில் "ஏன் வரவில்லை?" என்று துருவிப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள்.

இரண்டாவது வழி இரண்டாண்டுப் பயிற்சி. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டாண்டு பயிற்சி தருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு துறை: சிலர் அறுவை அரங்கு, சிலர் ஆலோசனை, சிலர் பவர் பார்ப்பது மட்டும். பவர் பார்க்கும் பெண்ணுக்கு அதுதான் வருடம் முழுக்க வேலை. அரவிந்தின் கிராமப்புறப் பார்வை மையங்களில் இப்படிப் பயின்றவர்கள்தான் கண்ணைப் பரிசோதித்து, காணொளி வழியே டாக்டரிடம் பேசவைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் கண் மருத்துவ உதவியாளர்களும் இரண்டாண்டுப் படிப்பு முடித்தவர்களே.

இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் என் பதில் சிலருக்குப் பிடிக்காது. சாதாரணக் கிட்டப்பார்வை, நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து, புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு போடும் கண்ணாடி, இவற்றுக்கு நேற்று பட்டம் வாங்கி வந்தவரைவிடப் பத்து வருடம் பவர் பார்த்தே கை பழகிய சிஸ்டரிடம்தான் நான் உட்காருவேன். ரெட்டினோஸ்கோப் என்ற சிறு கைவிளக்கைக் கண்ணுக்குள் அடித்து, உள்ளே நகரும் ஒளியின் போக்கைப் பார்த்தே பவரைக் கணிக்கும் வித்தை, பருப்பு வெந்த பதம் போலப் பார்த்துப் பார்த்துத்தான் பிடிபடும். ஆனால் சிக்கலான கண் என்றால் தராசு பட்டப்படிப்பின் பக்கம் சாய்ந்துவிடும்.

மூன்றாவது கண்ணாடிக் கடை. இங்கேதான் வேறுபாடு மிக அதிகம். ஒரு கடையில் பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருப்பார். அடுத்த கடையில் முதலாளியிடம் பார்த்துக் கற்றவர் இருப்பார். ஆப்டோமெட்ரிஸ்ட் என்று பெயர் போட்டுக்கொள்பவரை நாடு முழுக்க ஒழுங்குபடுத்தும் சட்டமே 2021இல்தான் வந்தது. 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' எடுத்த சீட்டில் வந்த எண்ணை அப்படியே லென்ஸுக்கு எழுதும் கடையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த எந்திரம் தருவது தொடக்கப் புள்ளி மட்டும். குறிப்பாகச் சிறுபிள்ளைகள் எந்திரத்துக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கிக் குவிப்பார்கள். இல்லாத மைனஸ் பவரை அது காட்டிவிடும்.

ஆனால் கடைக்காரரிடம் மருத்துவமனையில் கிடைக்காத ஒரு திறமையும் இருக்கிறது. இரண்டு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம், ஃபிரேமில் கண் நிற்கும் உயரம், முகத்தில் ஃபிரேமின் சாய்வு, இவற்றை அளந்து லென்ஸைப் பொருத்துவது அவர்தான். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடியாக வரும் புராக்ரெசிவ் லென்ஸில் உயரம் சில மில்லிமீட்டர் தவறினாலே படிக்கக் கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கும். "பவர் தப்பு" என்று மருத்துவமனைக்குத் திரும்பி வரும் கண்ணாடிகளில் சிலவற்றில் பவர் சரியாகவே இருக்கும், பொருத்தியதுதான் பிசகியிருக்கும். எனவே பவரை மருத்துவமனையிலும், பொருத்துவதை நல்ல கடையிலும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. திடீரென மின்னல் போல வெளிச்சம் தெரிவது, கரும்புள்ளிகள் பறப்பது, ஒரு பக்கம் திரை விழுவது போன்றவற்றுக்கு இந்த மூவரிடமும் போகாமல் நேரே கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

இதுவரை சொன்னது படிப்பு. ஒரே மருத்துவமனையில் ஒரே பட்டத்தோடு இருப்பவர்களுக்குள்ளும் யாருக்கு எதில் ஈடுபாடு என்பது மாறும். எனக்கு அதுவே பெரிய வேறுபாடு.

பிள்ளைகளைப் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் இறுக்கிக் குவிப்பதைத் தளர்த்தும் சொட்டு மருந்து போடாமல் முதல் கண்ணாடி எழுத மாட்டார். அதற்காகக் காத்திருப்பது சலிப்பாக இருந்தாலும் அவசரப்படுத்தாதீர்கள். சோம்பேறிக் கண்ணுக்கு நல்ல கண்ணை மூடும் ஒட்டு போடச் சொல்வார். மிதமான குறைபாட்டுக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டினாலே 6 மணி நேரம் ஒட்டியதற்கு இணையான பலன் என்று அமெரிக்காவில் 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

6/6 தெரிகிறது, ஆனாலும் படித்தால் தலைவலி, வரி இரண்டாகத் தெரிகிறது என்றால் இரு கண் ஒருங்கிணைப்பைப் பார்ப்பவரிடம் போக வேண்டும். பவர் மட்டும் பார்ப்பவர் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவார். கண்கள் உட்பக்கம் குவியச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு, மருத்துவமனையில் 12 வாரம் தரும் பயிற்சி, வீட்டில் பென்சிலைப் பார்த்துச் செய்யும் பயிற்சியைவிட நல்ல பலன் தந்ததாக 2008இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது.

ஆண்டுதோறும் மைனஸ் ஏறும் பிள்ளைக்குத் தேவை வேறு ஒருவர். எண்ணை ஏற்றி எழுதுவதோடு நிற்காமல், கண்ணின் நீளத்தை அளந்து வரைபடம் போட்டு வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படி அளப்பவரால்தான் மைனஸ் ஏறும் வேகத்தைக் குறைக்கும் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டுக்கு டாக்டரிடம் எப்போது அனுப்பலாம், அதே நோக்கத்துக்கான தனி வடிவ லென்ஸ் எப்போது தரலாம் என்று சொல்ல முடியும். வெளியில் விளையாடும் நேரத்தையும் அவர் கேட்பார்.

கான்டாக்ட் லென்ஸ் நிபுணரை அழகுக்கு லென்ஸ் மாட்டுபவர் என்று நினைப்பவர்கள் உண்டு. கெரட்டோகோனஸ் வந்த இளைஞரைக் கேட்டால் அவருடைய அருமை தெரியும். பதின்வயதிலோ இருபதுகளிலோ கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும். கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் அடிக்கடி மாறும். எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்து நிழலாடும். கண்ணைக் கசக்கும் பழக்கம் அதை மோசமாக்கும். நோய் மேலும் ஏறாமல் தடுக்கும் சி3ஆர் சிகிச்சையை டாக்டர் செய்வார். பார்வையை மீட்டுத் தருவது பெரும்பாலும் லென்ஸ்தான். வாயு ஊடுருவும் கடின லென்ஸ், அல்லது கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் அமர்ந்து இடையில் உப்புநீரைத் தாங்கும் ஸ்கிளீரல் லென்ஸ். மாதிரி லென்ஸ்களைப் போட்டு, சாயம் இட்டு, நீல ஒளியில் எங்கே அழுத்துகிறது, எங்கே தூக்குகிறது என்று பார்த்துத் திருத்தித் திருத்தித்தான் அது அமையும். இதைப் பொறுமையாகச் செய்கிற ஒருவர் உங்கள் ஊரில் இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போவது தகும்.

இவர்கள் எல்லோரிலும் நான் மிக உயர்வாக மதிப்பவர் குறைபார்வைக்கான ஆப்டோமெட்ரிஸ்ட். சர்க்கரை நோயாலோ வயதாலோ விழித்திரை கெட்டு, "இனிமேல் செய்ய ஒன்றுமில்லை" என்று கேட்டு வீடு திரும்பிய பெரியவர்களை அவர் உட்கார வைத்து, "ஐயா, என்ன செய்ய முடியவில்லை?" என்று கேட்கிறார். பேப்பர் படிப்பதா, பஸ் நம்பரா, பேத்தி முகமா? ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு. கையில் பிடிக்கும் உருப்பெருக்கி, பக்கத்தின் மேல் நிற்கும் உருப்பெருக்கி, தூரத்துக்குச் சிறு தொலைநோக்கி, சில சமயம் மேசைவிளக்கை நகர்த்தி வைப்பதும் தட்டின் நிறத்தை மாற்றுவதுமே போதும். இவரிடம் அனுப்பாமலே பல குடும்பங்கள் பெரியவரை மூலையில் உட்கார வைத்துவிடுகின்றன என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

இந்தச் சந்திப்புக்கு நேரம் அதிகம் பிடிக்கும், எனவே கூட்டம் குறைந்த நாளில் முன்பதிவு செய்யுங்கள். பழைய கண்ணாடியோடு, பெரியவர் படிக்க விரும்பும் அதே பேப்பரையோ, பாஸ்புக்கையோ, தேவாரப் புத்தகத்தையோ கையில் எடுத்துப் போங்கள். அந்த எழுத்தின் அளவை வைத்துத்தான் உருப்பெருக்கியைத் தேர்ந்தெடுப்பார்கள்.