கதிர்வீச்சுக்குப் பின் மூளையில் புண்: ஸ்டீராய்டா, பெவசிசுமாப்பா, ஆக்சிஜன் அறையா?

மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு முடிந்து சில மாதங்களிலோ ஓரிரு வருடங்களிலோ, கதிர் பட்ட இடத்தில் திசு செத்து, சுற்றிலும் வீங்குவதுண்டு. ரேடியேஷன் நெக்ரோசிஸ் என்பார்கள். கட்டிதான் திரும்பிவிட்டதோ என்று எம்ஆர்ஐ ஸ்கேன் பார்ப்பவரையே குழப்பிவிடும்.

முதலில் கொடுப்பது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஓரிரு நாளில் வீக்கம் வடியும், தலைவலி குறையும். ஆனால் செத்த திசுவை அது ஒன்றும் செய்வதில்லை. மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும், தொடைத் தசை இளைத்து நாற்காலியிலிருந்து எழுவதே பெரும்பாடாகும்.

பெவசிசுமாப் ஊசி வீக்கத்தின் மூலத்துக்கே போகிறது. ரத்தக்குழாய்களை ஒழுகவைக்கும் விஇஜிஎஃப் புரதத்தை அது மடக்கிவிடும். 2011-இல் வெளியான, 14 பேரை மட்டுமே வைத்த சோதனையில், மருந்து பெற்ற எல்லோருக்கும் ஸ்கேனில் வீக்கம் குறைந்தது. வெறும் உப்புநீர் பெற்ற யாருக்கும் குறையவில்லை. சின்ன சோதனைதான், ஆனால் விடை பளிச்சென்று இருந்தது. ரத்தம் உறைதல், கசிதல், காயம் ஆறாமை ஆகியவை இதன் தொல்லைகள். பெரிய அறுவை முடிந்து 28 நாட்களுக்குள் போடுவதில்லை.

ஆக்சிஜன் அறையின் வழி நேர் எதிர். ஊசி புதுக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது. அறையோ முளைக்கவைக்கப் பார்க்கிறது! அறைக்குள் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட 2 முதல் 2.5 மடங்காக்கி, சுமார் 90 நிமிடம் தூய ஆக்சிஜன் கொடுப்பார்கள். சிவப்பணுக்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், கூடுதல் ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கரைந்து பட்டினி கிடக்கும் திசுவுக்குப் போகிறது. ஆனால் 30, 40 அமர்வுகள் வேண்டும். ஆதாரமும் பெரும்பாலும் சிறு நோயாளித் தொகுப்புகள்தான். காதுவலி வரலாம், அபூர்வமாக வலிப்பும் வரலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் உள்ளே விடவே கூடாது.

என் கணக்கில், வீக்கம் மூளையை நெருக்கும்போது அறைக்கு இடமில்லை. அங்கே ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் அறுவை. ஸ்டீராய்டை விடவும் முடியாமல், ரத்தக்கட்டு போன்ற காரணத்தால் பெவசிசுமாப்பும் கூடாது என்றானவருக்கு அறை நியாயமான வழி.

மூளைச் சீழ்க்கட்டி வேறு கதை. சீழை எடுப்பதும் ஆன்டிபயாட்டிக்கும்தான் சிகிச்சை, அறை துணைக்கு மட்டும்.

சரி, தலைக்காயத்துக்கு அறை உதவுமா? 1992-இல் வெளியான, கடுமையான காயம்பட்ட 168 பேரின் ஆய்வில், அறைச் சிகிச்சை பெற்றவர்களிடம் இறப்பு 32 சதவீதத்திலிருந்து 17-ஆகக் குறைந்தது. ஆனால் பிழைத்துத் தன் காலில் நின்றவர்களின் பங்கு கூடவில்லை. லேசான அதிர்ச்சிக் காயத்திலோ, அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்த சோதனைகளில் பாவனைக்கு அறையில் உட்காரவைக்கப்பட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள்.