அட்டையா, வகுப்பா, காலைப் பத்து நிமிடமா?

திருகோணமலையின் நிலாவெளிப் பக்கம் மூன்று மாடி விடுதி ஒன்றின் கட்டட வேலையை மேற்பார்வை செய்தேன். நான்கு மேசன்கள், எட்டுக் கையாட்கள். ஆபத்தில்லாமல் வேலை செய்யும் விதத்தை அவர்களுக்கு எதைக்கொண்டு சொல்லிக்கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

முதலாவது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை அட்டைகள். அமெரிக்காவின் சிபிடபிள்யூஆர் என்ற கட்டுமான ஆய்வு, பயிற்சி மையம் வெளியிடுபவை. ஓர் அட்டைக்கு ஓர் ஆபத்து: ஏணி, கல்லும் கொங்கிரீட்டும் வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி, வெயில். தகவலின் தரத்தில் இவற்றை மிஞ்ச எதையும் நான் காணவில்லை. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும்தான். அங்கே பொதுவாக 6 அடிக்கு மேல் கட்டட வேலை என்றாலே விழாமல் தடுக்கும் ஏற்பாடு சட்டப்படி வேண்டும். அதை நம்பி எழுதிய அட்டை, கமுகு மரமும் கயிறும் கொண்டு கட்டி, நாங்கள் ஏறி நின்று வேலை செய்யும் தட்டுக்கு முழுதாகப் பொருந்தாது.

தமிழ்நாட்டுக் காணொளிகள் வட்ஸ்அப்பில் வந்தன. மொழி நம்முடையது, சொற்கள் வேறு. அந்தத் தட்டை அவர்கள் ‘சாரம்’ என்கிறார்கள்; அதைக் கேட்டதும் எங்கள் இளைஞர்களுக்கு இடுப்பில் கட்டும் உடுப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது வகுப்பு. இலங்கையின் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் பயிற்சி நடத்துகிறது. மேற்பார்வையாளர்கள் கட்டாயம் போக வேண்டும் என்பேன். நாட்சம்பளக் கையாளைக் கொழும்புக்குப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் வீட்டில் அன்று உலை வைப்பது எப்படி?

மிஞ்சியது, வேலை தொடங்குமுன் தலைமை மேசன் பேசும் பத்து நிமிடம். எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டது இதைத்தான். ஒருநாள் மேசன் சொன்னார்: ஏணியின் அடியில் கால்விரலை வைத்து, கைகளைத் தோள் உயரத்தில் நேராக நீட்டு; உள்ளங்கை படியைத் தொட்டால் சாய்வு சரி. உயரம் நான்கு பங்கு என்றால் அடி ஒரு பங்கு தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கை அட்டையில் படித்து நான் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. மேசன் செய்துகாட்டியதும் ஆளுக்கு ஆள் செய்து பார்த்தார்கள்.

இதற்கும் ஒரு குறை உண்டு: மேசனுக்குத் தெரிந்ததுதான் அங்கே பாடம். மாடித் தளத்துக்குக் கொங்கிரீட் போட்ட அன்று ஒரு கையாளின் இறப்பர் பூட்ஸுக்குள் ஈரக் கலவை போய்விட்டது. வலி தெரியாததால் மாலைவரை அதோடே நின்றான். கழற்றியபோது கணுக்காலைச் சுற்றித் தோல் வெந்து சிவந்து கிடந்தது. ஈரச் சீமெந்தின் காரம் அப்படித்தான், மெல்லத்தான் சுடும். “தேங்காய் எண்ணெய் பூசு” என்றார் மேசன், அக்கறையோடுதான். உடனே கழற்றி, ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவியிருக்க வேண்டும். அந்த விபரம் என் கைப்பேசியில், ஆங்கில அட்டையில், முதல் வாரத்திலிருந்தே கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் குறுகுறுக்கிறது.

ஆகவே என் தேர்வு காலைப் பேச்சுத்தான். அதற்கு அட்டை தீனியாக வேண்டும். முதல் நாள் மாலையே ஓர் அட்டையை நம் சொல்லில் எழுதி மேசனிடம் கொடுக்கிறேன். கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் முதல் அட்டை வெயில்: 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர், தாகத்துக்குக் காத்திராமல். கலவை குழைக்கும் இடத்தருகே கால் கழுவ மட்டும் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் இப்போது எப்போதும் நிற்கிறது.