கீ செயினில் தமிழ்ப் பெயர்: லேசரோடு நாலு வருடம்

முதல் கீ செயினைப் பெரியப்பாவுக்குத்தான் வெட்டிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "'முருகன'ன்னு இருக்கேப்பா, புள்ளி எங்க?" என்றார். புள்ளி இயந்திரத்துக்குள் கிடந்தது. இரண்டரை மில்லிமீட்டர் வட்டம், தேன்கூடு போன்ற அடித்தட்டின் ஓட்டை வழியே கீழே இறங்கிவிட்டது. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகட்டில் லேசரால் தமிழ்ப் பெயர் வெட்ட ஆசைப்படுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் 40 வாட் கார்பன் டை ஆக்சைடு லேசர். விலை குறைவு என்று டயோடு லேசர் வாங்கத்தான் முதலில் நினைத்திருந்தேன். அதன் 450 நானோமீட்டர் நீல ஒளி, நிறமில்லாத அக்ரிலிக்கை ஊடுருவிப் போய்விடும், வெட்டாது. கறுப்புத் தகடு என்றால் வெட்டும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் ஒளிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. 3 மி.மீ. தகட்டை ஒரே ஓட்டத்தில் அறுத்து, ஓரத்தைப் பாலிஷ் போட்ட மாதிரி விட்டுவிடுகிறது. வெட்டும் இடத்தில் காற்றை வேகமாக ஊதவிட்டால் அந்தப் பளபளப்பு மங்கிவிடும். புகை லென்ஸில் படியாத அளவுக்கு ஊதினால் போதும்.

நம் ஊர் வெயில்தான் இதற்குப் பெரிய சோதனை. லேசர் ஒளி பிறக்கும் கண்ணாடிக் குழாயைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடேறினால் லேசரின் வலு இறங்கும், பாதி அறுத்த தகடு அப்படியே நிற்கும். சித்திரை, வைகாசியில் ஐஸ் கட்டியான தண்ணீர் பாட்டில்களை வாளிக்குள் போட்டுவிட்டு, விடிகாலையில் மட்டும் வெட்டுகிறேன். மூன்றாம் வருடம் குழாய் போனது. சும்மா வைத்திருந்தாலும் உள்ளிருக்கும் வாயு மெல்லக் குறையுமாம். புதுக் குழாய்க்கான செலவை வாங்கும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு கடைகளில் மிஞ்சும் துண்டுகள்தான் என் சரக்கு. காஸ்ட் அக்ரிலிக்காக, அதாவது அச்சில் ஊற்றி வார்த்த தகடாகக் கேட்டு வாங்குங்கள். அதில் செதுக்கினால் எழுத்து பால்வெள்ளையாகத் தெரியும். உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்யும் எக்ஸ்ட்ரூடட் வகையில் செதுக்கியது கண்ணுக்கே தெரியாது, வெட்டிய ஓரமும் பிசுபிசுக்கும். ஒருமுறை துண்டுகளோடு பிவிசி ஒன்று கலந்து வந்துவிட்டது. வெட்ட ஆரம்பித்ததும் மூக்கு எரிந்தது, உடனே நிறுத்தினேன். அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். இப்போது சந்தேகம் வந்தால், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துண்டில் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டுவேன். சுடர் பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது, அந்தத் துண்டு குப்பைக்கு. அக்ரிலிக் புகையும் லேசுப்பட்டதல்ல. புகையை வெளியே தள்ளும் விசிறி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். அக்ரிலிக் தீப்பிடிக்கும் என்பதால் வெட்டி முடியும்வரை பக்கத்தைவிட்டு நகரவும் கூடாது.

இனி புள்ளி. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் பெயரை அடித்து, எழுத்தைப் பாதையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையில் அரை மில்லிமீட்டர் பதியவைத்து, யூனியன் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுவேன். ன், ல், ர் எல்லாம் இதற்கு மடங்கிவிடும். ப் மடங்காது. இரண்டு கால்களுக்கு நடுவே மேல்புறம் திறந்து கிடக்கிறது, புள்ளியைத் தாங்க அடியில் ஒன்றுமே இல்லை. பிரதீப், திலீப் என்று யாராவது கேட்டால் ஒரு காலிலிருந்து 1.5 மி.மீ. பாலம் இழுக்கிறேன். இதைச் செய்யும்போதெல்லாம் ஓலைச்சுவடி நினைவுக்கு வரும். ஓலை பொத்துக்கொள்ளும் என்று அங்கே புள்ளியையே வைக்காமல் விட்டார்கள்.

கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகள்தான். "செ", "ரா" போன்றவற்றை நெருக்கித் தொடவைக்க வேண்டும். ரொம்ப நெருக்கினாலும் "ரா" படிக்க வராது. மெல்லிய எழுத்துருவே வேண்டாம். 2 மி.மீ.க்குக் குறைந்த கோடுகள் பாக்கெட்டில் சில மாதம்கூடத் தாங்கவில்லை.

வளையம் மாட்டும் துளையும் அப்படித்தான். சுற்றிலும் 1.5 மி.மீ. விட்டு வெட்டிய பழையவை பலவும் அந்த இடத்தில்தான் உடைந்தன. இப்போது 4 மி.மீ. துளை, சுற்றிலும் 3 மி.மீ. சுவர். என் வண்டிச் சாவியில் அப்படிச் செய்தது இரண்டரை வருடமாகக் கீறலோடு தொங்குகிறது, உடையவில்லை. கண்ணாடி போல மின்னும் மிரர் அக்ரிலிக்கின் பின்பூச்சு உரிந்துவிடுகிறது, அதை நான் விட்டுவிட்டேன்.

யாருக்குக் கொடுத்தாலும் ஒன்று சொல்லிக் கொடுக்கிறேன்: சானிடைசரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்காதீர்கள். லேசர் வெட்டிய ஓரத்தில் சூட்டால் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். சோப்புத் தண்ணீர் போதும்.

பெரியப்பாவுக்குப் புள்ளியோடு புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்தேன். பீரோ சாவியில் மாட்டியிருக்கிறார். பழைய 'முருகன'வையும் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டார்.