வீட்டுக்கே பிசியோ அனுப்பும் ஆப்பில் 18,500 ரூபாய் போச்சு, காலும் போச்சு

பெயர் போடவில்லை. பெங்களூரில் வீட்டுக்கே ஆள் அனுப்பும் பிசியோதெரபி ஆப்களில் ஒன்று. கட்டியது 18,500 ரூபாய். எழுதும்போதே வயிறு எரிகிறது.

நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக் குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்த மாதிரி இருந்ததாம், 'டப்' என்று சத்தம் வேறு. திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. ஆப்பின் வீடியோ டாக்டரிடம் இதை ஒன்றுவிடாமல் சொன்னோம். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்குதான், பிசியோ போதும் என்றார். தசையை எலும்போடு இணைக்கும் நாண் அறுந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா?

வந்த பையன் தமிழ் பேசினான், தர்மபுரிப் பக்கம். "அக்கா, கவலையே படாதீங்க, சாரை ஓட வெச்சிடறேன்" என்றான். அந்தப் பேச்சை நம்பித்தான் மொத்தப் பேக்கேஜையும் முன்கூட்டியே கட்டினோம், 18,500. வாரக்கணக்கில் துண்டை மாட்டிப் பாதத்தை மேல்நோக்கி இழுக்க வைத்தான். அறுந்த நாணை இன்னும் இழுத்திருக்கிறான்! நுனிக்காலில் நிற்க முடியவில்லையே என்று கேட்டால், "வீக்கம் வடியட்டும்க்கா".

கடைசியில் ஓர் எலும்பு டாக்டரிடம் நேரில் போனோம். குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். நல்ல காலில் பாதம் கீழே அசைந்தது, இந்தக் காலில் அசையவே இல்லை. தாம்சன் டெஸ்ட்டாம், அரை நிமிஷ வேலை. குதிகால் நாண், அக்கிலிஸ் டெண்டன், முழுசாக அறுந்திருக்கிறது.

முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டு போட்டு, அப்புறம் குதிகாலை உயர்த்தும் பூட்ஸில் படிப்படியாக நடக்க வைத்தே பலருக்குச் சேர்ந்துவிடும் என்றார். ஆபரேஷனை விட மறுபடி அறுபடும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் புண் சீழ் பிடிக்கும் பயம் இல்லை. இப்போதும் பாதத்தைக் கீழே வைத்தால் முனைகள் சேருமா என்று ஸ்கேனில் பார்த்தார். சேரவில்லை, இடைவெளி அவ்வளவு. இனி ஆபரேஷன்தான், கால் கட்டைவிரலை மடக்கும் நாணை எடுத்துக் குதிகால் எலும்பில் பொருத்த வேண்டுமாம்.

ஆப்காரர்களிடம் கேட்டால் சாட்டில் 'வருந்துகிறோம்' என்று போட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். போனில், "டாக்டர் எங்கள் ஊழியர் இல்லை மேடம்". பையனோ, "டாக்டர் எழுதினதைத்தான் செஞ்சேன்க்கா". அதற்கப்புறம் போனே எடுப்பதில்லை. இறுதியாக, மீதி செஷன்களுக்கு வாலெட்டில் கிரெடிட் தருவார்களாம். 18,500 ரூபாய் எங்கள் பணம், எங்களுக்குக் கிரெடிட் எதற்கு?

சத்தம் கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் வீடியோவில் காட்டாதீர்கள், நேரில் போங்கள். கெண்டைக்காலை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட். பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள். சாட், ரசீது எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் நீங்களும் கொடுங்கள்.